மல்லாட்டைப் பாலில் நனையும் ரொட்டி

1879-இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. நாற்பது கிலோமீட்டருக்கும் குறைவான அந்தப் பாதையில் ஆட்களோடு மல்லாட்டை (மணிலா, நிலக்கடலை) மூட்டைகளும் போயின. தென்னாற்காட்டுச் செம்மண்ணில் விளைந்த மணிலா, புதுவைத் துறையில் கப்பலேறி மார்செய் நகரம் வரை போனது. அங்கிருந்த ஆலைகள் அதைப் பிழிந்து எண்ணெய் எடுத்தன. அந்த எண்ணெயில் ஒரு பகுதி சோப்பாக மாறி ஐரோப்பிய வீடுகளுக்குள் நுழைந்தது. நம் குடியானவர்கள் வெயிலில் களை வெட்டி, கொடி பிடுங்கி, காய் ஆய்ந்து அனுப்பிய பயிர் பிரெஞ்சு தேசத்தின் கை கழுவப் பயன்பட்டது. அவர்களுடைய ரொட்டிப் பழக்கமோ புதுவையில் வேரூன்றி, மெல்ல மெல்ல நம் பக்கத்து டீக்கடை வரை நடந்து வந்தது.

கப்பலேறிப் போன மல்லாட்டையும் இங்கே தங்கிவிட்ட ரொட்டியும் ஒரு தோசைக்கல்லின் மேல் சேர முடியும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முட்டையும் மாட்டுப்பாலும் இல்லாமல் வீட்டிலேயே பிரெஞ்சு டோஸ்ட் செய்ய முடியும். அதற்கு வேண்டிய எல்லாமே விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் கிடைக்கின்றன. பெருநகரத்துக் கடைகளில் விலையுயர்ந்த அட்டைப் பெட்டிகளில் வரும் பாதாம் பாலையும் ஓட்ஸ் பாலையும் தேடி யாரும் அலைய வேண்டியதில்லை.

நம் ஊர்களில் ரொட்டி என்றால் நோயாளியின் உணவு. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு ஆள் பார்க்கப் போகிறவர்கள் கையில் ஒரு ரொட்டிப் பாக்கெட் இருக்கும். காய்ச்சல் விட்டு வாய் கசந்து கிடப்பவருக்குப் பாலில் தோய்த்து ஊட்டுவார்கள். நோய் இல்லாதவர்கள் ரொட்டி தின்பது பெரும்பாலும் பேருந்து நிலையத்துக் கடைகளில், ஆம்லெட்டுக்கு நடுவில் வைத்து. பேக்கரிகளில் பாம்பே டோஸ்ட் என்ற பெயரில் கிடைப்பதுதான் உலகம் பிரெஞ்சு டோஸ்ட் என்று அழைக்கும் பண்டம். முட்டை, பால், சர்க்கரை மூன்றையும் அடித்து, ரொட்டியை முக்கி, நெய்யோ டால்டாவோ விட்டுச் சுட்டெடுப்பது. இதே விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில் 1968-இல் ஆரோவில் தொடங்கப்பட்டது. அங்கே குயிலாப்பாளையத்தில் பிரெஞ்சு முறை ரொட்டி சுடும் பேக்கரி இருக்கிறது. ஆக ரொட்டி நமக்கு அந்நியம் இல்லை. மீந்துபோன ரொட்டியை என்ன செய்வது என்ற கலைதான் இன்னும் நம் அடுப்படிக்கு முழுதாக வந்து சேரவில்லை.

பிரெஞ்சு டோஸ்ட் என்றாலே முட்டை இருந்தாக வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. அப்பிசியஸ் என்பவரின் பெயரால் வழங்கும் ரோமானியச் சமையல் நூலில் இதன் மூதாதை இருக்கிறது. வெள்ளை ரொட்டியின் மேல்தோலை நீக்கி, பெரிய துண்டுகளாகப் பிய்த்து, பாலில் ஊறவைத்து, பொரித்து, மேலே தேன் ஊற்றிப் பரிமாறச் சொல்கிறது அந்த லத்தீன் குறிப்பு. அதில் முட்டை கிடையாது. ஹைதராபாத்தின் டபுள் கா மீட்டாவிலும் வடக்கத்தி ஷாஹி துக்கடாவிலும் முட்டை கிடையாது. காய்ந்த ரொட்டிக்கு ஈரமும் கொழுப்பும் இனிப்பும் கொடுத்து மறுபடி உயிரூட்டுவதுதான் இந்தப் பண்டத்தின் சாரம். முட்டை அதற்கு ஒரு வழி. அது ஒன்றே வழி என்று எந்த அடுப்பும் சொல்லவில்லை.

முட்டை என்ன செய்கிறது என்று தெரிந்தால்தான் அதை விடும்போது என்ன வேண்டும் என்பது புரியும். முட்டையின் புரதம் 70 பாகை செல்சியஸுக்கு முன்பின்னாகச் சூடேறும்போது இறுகுகிறது. அதனால் ரொட்டி குடித்த பால் வெளியே வழியாமல் உள்ளேயே நிற்கிறது. சுட்டபின் நடுப்பகுதி ஈரமாகவும் மென்மையாகவும் இருப்பது இதனால்தான். அடுத்து, புரதமும் சர்க்கரையும் கல்லின் சூட்டில் சேர்ந்து மேற்பரப்பைப் பொன்னிறமாக்குகின்றன. மணமும் அங்கேதான் பிறக்கிறது. மஞ்சள் கருவின் கொழுப்பு வழுவழுப்பைத் தருகிறது. ஆக நமக்குத் தேவை மூன்று: இறுகும் தன்மை, பொன்னிறம், கொழுப்பு. கடலைமாவில் புரதமும் மாவுச்சத்தும் இருக்கின்றன. இரண்டும் சூட்டில் இறுகும். மல்லாட்டைப் பருப்பில் ஏறத்தாழ கால்பங்கு புரதம், பாதிக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய். மூன்று தேவைகளும் இந்த இரண்டிலேயே தீர்ந்துவிடுகின்றன.

செய்முறையை நிதானமாகவே சொல்கிறேன். ஒரு ஆழாக்கு மல்லாட்டைப் பருப்பு, சுமார் 100 கிராம், எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் பொறுக்குங்கள். சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பிடித்தது எதையும் சேர்க்கக் கூடாது. ஈரப்பதத்தோடு மூட்டை கட்டிய பருப்பில் வளரும் பூஞ்சை, அஃப்லடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். கொதிக்க வைத்தாலும் அது முழுதாக அழியாது. பொறுக்கிய பருப்பை இரவு தண்ணீரில் ஊறப்போடுங்கள். காலையில் இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தால் சிவப்புத் தோல் கழன்று தண்ணீரின் மேல் மிதந்து வரும். வழித்து ஊற்றிவிட்டால், உப்பிப்போய் வெளுத்த பருப்பு அடியில் கிடக்கும். அதை முதலில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து வெண்ணெய் போல் அரைத்து, பிறகு மூன்று டம்ளர் தண்ணீர் விட்டு ஓட்டுங்கள். பழைய வேட்டித் துணியில் ஊற்றி முறுக்கிப் பிழியும்போது விரல் இடுக்கில் வழிகிற வெண்மையைப் பார்த்தால், இந்தக் கொட்டைக்குள் எண்ணெயை மட்டுமே ஏன் இத்தனை காலம் தேடினோம் என்று தோன்றும்.

அந்தப் பாலை அடி கனமான பாத்திரத்தில் ஊற்றி, கிளறிக்கொண்டே பத்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். விட்டால் அடிபிடிக்கும், பொங்கி வழியவும் செய்யும். கொதிக்கக் கொதிக்கப் பச்சை வாசனை போய், வேகவைத்த மல்லாட்டையின் மணம் வரும். அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில் பச்சைக் காயை உப்புப் போட்டு அவிப்பார்களே, அதே மணம். ஆறவிடுங்கள். ஒரு பெரிய டம்ளர் பாலுக்கு, அதாவது கால் லிட்டருக்கு, நான்கு மேசைக்கரண்டி கடலைமாவு, ஒரு மேசைக்கரண்டி அரிசிமாவு, பொடித்த பனைவெல்லம் இரண்டு மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, அதிலும் குறைவாக மஞ்சள்தூள், ஏலக்காய் இரண்டு. பால் சூடாக இருக்கும்போது மாவைக் கொட்டினால் கட்டி தட்டும். ஆறிய பாலில் கரைத்து, பத்து நிமிடம் அப்படியே வையுங்கள். ரவா தோசை மாவுப் பதம் இருந்தால் போதும்.

ரொட்டி நேற்றையதாக இருக்க வேண்டும். இன்று சுட்ட ரொட்டி பாலைத் தொட்டதும் குழைந்துவிடும். ஒரு நாள் ஆன ரொட்டியில் மாவுச்சத்து இறுகி, ஈரம் வற்றியிருக்கும். அதற்குத்தான் குடிக்கும் தெம்பு உண்டு. வாங்கும்போதே பேக்கரியில் கேட்டுவிடுங்கள். மில்க் பிரெட்டில் பால்பொடி இருக்கும். சில பன்களின் பளபளப்பு முட்டையோ பாலோ தடவி வந்தது. சாதாரண உப்பு ரொட்டியில் மைதா, தண்ணீர், ஈஸ்ட், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய் இவைதான் வழக்கம். தடிமனாக அறுத்து வாங்கினால் நல்லது. ஒவ்வொரு துண்டையும் ஒரு பக்கத்துக்குப் பத்துப் பதினைந்து விநாடி நனைத்து, வழிவதை வழியவிட்டு, மல்லாட்டை எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் போடுங்கள். தீ குறைவாக இருக்கட்டும். கடலைமாவு உள்ளே வேகாவிட்டால் பச்சை வாசனை நாக்கில் நிற்கும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமாவது ஆகும். ஓரம் தானாகக் கல்லை விட்டுக் கிளம்பும்போது திருப்பினால் ஒட்டாது. இந்த அளவுக்கு ஆறு துண்டு வரும். துணியில் மிஞ்சிய சக்கையை அடை மாவில் கலந்துவிடலாம். வெங்காயம், மிளகாய் சேர்த்து வடையாகவும் தட்டலாம்.

எங்கள் தெருவில் காய் ஆயப் போகும் ஒரு பெண்ணுக்கு இதைக் கொடுத்தேன். தின்று முடிக்கும்வரை ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டாள்:

“ஏங்க்கா, இதுல முட்டை போட்டீங்களா?”

“இல்லம்மா. மல்லாட்டைப் பாலும் கடலமாவும்தான்.”

“மல்லாட்டைல பால் வருமா? மூட்டை மூட்டையா ஆய்ஞ்சிருக்கோம்க்கா. எண்ணெ வரும்னுதான் தெரியும்.”

அவள் சொன்னது நம் வட்டாரம் முழுவதற்கும் பொருந்தும். திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே தேர்ந்தெடுத்த ரகங்களுக்கு டி.எம்.வி. என்ற முன்னெழுத்து. திண்டிவனத்தைக் குறிக்கும் எழுத்துகள் அவை. 1940-இல் வந்த டி.எம்.வி. 2 என்ற குத்துமல்லாட்டை ரகம் தமிழ்நாட்டைத் தாண்டி ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் பல பத்தாண்டுகள் பயிரானது. இந்தியாவின் பெரும்பரப்புக்கு மல்லாட்டை விதை கொடுத்த ஊர் இது. ஆனால் அந்த ஊரைச் சுற்றியுள்ள வீடுகளில் மல்லாட்டை என்றால் செக்குக்குப் போவது, வறுத்துத் தின்பது, சட்னிக்கு அரைப்பது என்ற அளவில் நின்றுவிட்டது.

வெளியே இதைப் பற்றி யோசித்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், 1916-இல் நிலக்கடலையை மனித உணவாக்க 105 வழிகளைத் தொகுத்து உழவர்களுக்காகச் சிறுநூல் வெளியிட்டார். பருத்தி மட்டுமே விதைத்து மண் சோர்ந்துபோன தெற்கு மாகாணங்களின் ஏழைக் கறுப்பின உழவர்களை மனத்தில் வைத்து உழைத்தவர் அவர். நம் நாட்டில் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் 75 பங்கு நிலக்கடலை மாவும் 25 பங்கு கடலைமாவும் சேர்த்துப் பன்னோக்கு உணவு என்று ஒன்றை உருவாக்கியது. சத்துக்குறைவான குழந்தைகளுக்காக வந்த கலவை அது. நிலக்கடலைப் புரதத்தை எருமைப்பாலோடு சேர்த்து மில்டோன் என்ற பானத்தையும் அதே நிறுவனம் தந்தது. மேலே நான் சொன்ன டோஸ்ட்டில் சேரும் இரண்டு பொருள்களும் பசியைப் போக்க வேண்டும் என்று கவலைப்பட்டவர்களின் மேசையில் முன்பே ஒன்றாக இருந்தவைதாம்.

காந்தியும் இந்த வழியில் நடந்திருக்கிறார். தென்னாப்பிரிக்காவில் டால்ஸ்டாய் பண்ணையில் 1912-இல் பாலை விட்டார். பச்சை நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சை, எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய் என்று வாழ்ந்தார். 1918-இல் கேடாவில் அலைந்து உடல் முறிந்து படுத்தபோது, பசுவையும் எருமையையும் நினைத்துத்தான் விரதம் எடுத்தேன் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு ஆட்டுப்பால் குடித்தார். அது தன்னை வாழ்நாள் முழுதும் உறுத்தியதாகத் தன் சுயசரிதையில் எழுதினார். பாலுக்கு ஈடான தாவர உணவை யாராவது அறிந்திருந்தால் சொல்லுங்கள் என்று வாசகர்களைக் கேட்டும் கொண்டார். அந்த வேண்டுகோளை நான் மிக மதிக்கிறேன். தன் உடம்பையே சோதனைக் களமாக்கிய ஒருவர், முடியவில்லை என்று ஒப்புக்கொண்டு, அடுத்தவர் தேடட்டும் என்று கதவைத் திறந்து வைத்தார்.

முட்டையையும் பாலையும் ஏன் விட வேண்டும் என்பதை நேராகவே சொல்லிவிடுகிறேன். முட்டைக் கோழி வளர்ப்புத் தொழிலில் சேவல் குஞ்சுக்கு வேலை இல்லை. பெரும்பாலும் பொரித்த அன்றே அது அழிக்கப்படுகிறது. முட்டையிடும் கோழி, சிறகை முழுதாக விரிக்க முடியாத கம்பிக் கூண்டில் தன் காலத்தைக் கழிக்கிறது. கன்றுக்காகச் சுரந்த பாலைக் கறக்கிறோம். காளைக்கன்று பிறந்தால் அதை வைத்துத் தீனி போடப் பல வீடுகளுக்கு வசதியில்லை. இவற்றை அறிந்தபின் ஒருவருக்கு மனம் ஒப்பவில்லை என்றால், அந்த மனத்துக்கு மரியாதை உண்டு. 1944-இல் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் நண்பர்களும் வீகன் (விலங்குப் பொருள் தவிர்ப்போர்) சங்கம் தொடங்கியது இந்த ஒப்பாமையில்தான்.

ஆனால் உயிருக்கு வருந்தும் மரபை நாம் இங்கிலாந்திலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்று இருக்கிறது. பெரும்பாறை ஒன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களையும் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். அங்கே ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் பழைய கல்வெட்டு உள்ளது. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடம் இருக்கிறது. வீடூரிலும் பெருமாண்டூரிலும் இன்னும் பல சிற்றூர்களிலும் அந்த மக்கள் நிலம் உழுது, தமிழ் பேசி, நம்மில் ஒருவராக வாழ்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் உண்டு முடிப்பதும் முட்டையையும் தேனையும் தவிர்ப்பதும் அவர்கள் வீட்டில் தலைமுறை தலைமுறையாக வரும் ஒழுக்கம். பழைய தென்னாற்காட்டின் இன்னொரு மூலையில், வடலூரில், வள்ளலார் 1867-இல் தருமச்சாலை தொடங்கினார். எவ்வுயிரையும் கொல்லாமையும் பசித்தவருக்குச் சோறிடுவதும் அவருக்கு ஒரே அறத்தின் இரண்டு கைகள்.

வள்ளலாரிடம் நாம் கற்க வேண்டியது அந்த இரண்டாவது கையை. நம் சமூகத்தில் சைவ உணவு பல காலம் சாதி உயர்வின் அடையாளமாக நின்றிருக்கிறது. வீடு வாடகைக்குக் கேட்கும்போது என்ன சாப்பிடுவீர்கள் என்று விசாரிக்கும் வழக்கம் இன்னும் போகவில்லை. அந்த விசாரணையின் பக்கத்தில் என் டோஸ்ட்டை வைக்க எனக்குச் சம்மதமில்லை. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை விரிவாகக் கொண்டுவந்தார். 1989-இல் கருணாநிதி ஆட்சியில் அதில் முட்டை சேர்ந்தது. தட்டில் விழுந்த அந்த ஒரு முட்டைக்காகவே பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள் இந்த மாவட்டத்தில் உண்டு. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுக்கிறது அரசு. யார் தட்டையும் இழிவுபடுத்தாத அந்த ஏற்பாட்டில் பெரிய நாகரிகம் இருக்கிறது. ஏழைப் பிள்ளையின் தட்டிலிருந்து முட்டையை எடுக்க வேண்டும் என்று எவர் சொன்னாலும் நான் எதிர்ப்பேன். கறவை மாட்டை நம்பிப் பிழைக்கும் பெண்களைக் குற்றவாளியாக்கும் பேச்சுக்கும் நான் உடன்பட மாட்டேன். விட முடிந்தவர்கள் விடலாம்; விடுவது என் கருணையின் கணக்கில் சேர வேண்டுமே தவிர, இன்னொருவரின் தாழ்வாகக் கூடாது.

அதேபோல உடம்பின் கணக்கையும் மறைக்கக் கூடாது. மல்லாட்டைப் பாலில் புரதமும் கொழுப்பும் உண்டு. சுண்ணாம்புச் சத்து மாட்டுப்பாலின் அளவுக்கு இல்லை. பி12 உயிர்ச்சத்து அறவே இல்லை. முழுதாக வீகனாக வாழ்கிறவர்கள் பி12-ஐ மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுத்தே ஆக வேண்டும். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக இதைக் கொடுக்கக் கூடாது. நிலக்கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. அவர்கள் தேங்காய்ப்பாலில் நனைத்து, வேறு எண்ணெயில் சுட்டுக்கொள்ளலாம். கருணை நீடிக்க வேண்டுமானால் அதைச் சுமக்கும் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும்.

சுவையைப் பற்றி ஒரு சொல். முட்டை போட்ட டோஸ்ட்டின் சுவை இதில் வராது. அதை எதிர்பார்த்து வாயில் வைத்தால் ஏமாற்றம் வரும். மல்லாட்டையின் கொழுமையும் பனைவெல்லத்தின் லேசான கரிப்பும் ஏலக்காயும் சேர்ந்து வருவது வேறொரு சுவை. விக்கிரவாண்டிப் பக்கம் நரசிங்கனூரிலும் பூரிகுடிசையிலும் இன்னும் பனையேறுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பில் வந்த வெல்லத்தைத் தூவி, வேலையாட்கள் ஆய்ந்த மல்லாட்டையின் பாலில் நனைத்து, ஊர் செக்கில் ஆட்டிய எண்ணெயில் சுட்டது இது. போலி என்று இதை யாரும் சொல்ல முடியாது. அப்பிசியஸ் காலத்து ரொட்டிக்கும் பாலுக்கும் இடையிலிருந்த உறவை நம் மண்ணின் பொருளால் மீண்டும் நிகழ்த்துகிறோம், அவ்வளவுதான்.

நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மாவட்டத்தின் மல்லாட்டை எங்கெங்கோ போயிருக்கிறது. விளைவித்தவர் வீட்டு அடுப்பில் அது பாலாக ஏறியது மிகக் குறைவு. கார்த்திகைப் பட்டத்து அறுவடை வரும்போது விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் மூட்டைகள் வந்து அடுக்கப்படும். அந்த நாட்களில் ஒரு கிலோ கூடுதலாக வாங்கி வையுங்கள். வீட்டில் நேற்றைய ரொட்டி மீந்திருந்தால் இன்றிரவே ஒரு ஆழாக்கு ஊறப்போடுங்கள். காலையில் சுட்ட முதல் துண்டை, மல்லாட்டை ஆயப் போகும் யாராவது தெருவில் இருந்தால் அவருக்குக் கொடுங்கள். இந்தப் பாலில் முதல் பங்கு அவர்களுடையது.